“எனக்கு அடி படலியே அண்ணாச்சி”: மின்னொளி கபடியில் ஒரு தலையடியும் அது சொல்லப்படாமல் போனதும்

நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் இடையில் உள்ள ஓர் ஊரில், ஆடிக் கொடை என்னும் கோயில் விழாவை ஒட்டி இரண்டு இரவுகள் மின்னொளி கபடிப் போட்டி நடந்தது. முதல் இரவு 11.30 மணியளவில் 23 வயது ரைடர் (எதிரணியின் பக்கம் பாடிப் போய்த் தொட்டு வருபவர்) ஒருவர் தொட்டுப் புள்ளி எடுப்பதற்காகத் தலையைத் தாழ்த்தி உள்ளே பாய்ந்தார். தற்காப்பு வரிசையின் ஓரமான கார்னரில் நின்றவர் அவருடைய கணுக்காலைப் பிடித்தார்; அதே வரிசையில் உள்பக்கமான கவரில் நின்றவர் மேலே வந்து விழுந்தார்; விழுந்தவரின் முழங்கால் ரைடரின் இடது பொட்டில் மோதியது. ரைடர் மயங்கவில்லை, ரத்தமும் வரவில்லை. இரண்டு மூன்று விநாடி செம்மண்ணில் முகம் பதித்துக் கிடந்தவர் தானாகவே எழுந்து, தொடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, நடுவர் அவுட் என்று கை காட்டியதும் நடந்துபோய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த இடம் எதிரணியின் பக்கம்.

கூட்டம் சிரித்தது. ஒலிபெருக்கியில் வர்ணனை செய்துகொண்டிருந்தவர், “மாப்பிள்ளைக்குப் பொண்ணு வீடு புடிச்சுப் போச்சு” என்று சொல்ல, சிரிப்பு இன்னும் பெரிதானது. அவரும் சிரித்தபடியே எழுந்து தன் அணியின் பக்கம் போய் உட்கார்ந்தார்.

அந்தப் போட்டிக்கு முதலுதவிப் பொறுப்பில் இருந்தவன் நான். பாளையங்கோட்டையில் இயன்முறை சிகிச்சை செய்து வருகிறேன். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதால் ஐஸ் பெட்டி, வலி ஸ்பிரே, கட்டுத்துணி ஆகியவற்றோடு போயிருந்தேன். அவர் அருகில் குனிந்து, “தம்பி, அடி ஒண்ணும் இல்லல்லா?” என்று கேட்டேன். “இல்ல அண்ணாச்சி” என்றார். முழங்காலைக் காட்டினார், அங்கே ஸ்பிரே அடித்தேன். மொத்தமாக 20 விநாடிகூட ஆகியிருக்காது.

நான்கு நிமிடம் கழித்து அவருடைய அணிக்குப் புள்ளி கிடைத்து அவர் உயிர்பெற்று உள்ளே வந்தார். முதல் ரெய்டிலேயே பாட்டு அறுந்துபோனது. நடுக்கோட்டைத் தாண்டி நான்கடி போயிருப்பார். “கபடி, கபடி” என்ற சத்தம் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி நின்றார். நடுவர் அவுட் கொடுத்தார். எட்டு ஆண்டுகளாக ஆடுகிற ஒரு ரைடர், யாரும் தொடாமல், மூச்சும் முட்டாமல் பாட்டை விடுவது மிக அரிது. அணித் தலைவர் அவரைத் திட்டினார். திசை தெரியாமல் உட்கார்ந்ததையும், பாட்டை விட்டதையும், பொட்டில் விழுந்த முழங்காலையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தவர்கள் அந்தக் களத்தில் ஒருவரும் இல்லை. நானும் பார்க்கவில்லை.

விடியற்காலை 4.30 மணிக்குள் அவர் மேலும் இரண்டு ஆட்டங்கள் ஆடினார். மறுநாள் இரவு காலிறுதியில் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துச் சாய்த்தார்கள். பார்த்தவர்கள் அனைவரும் தலை தரையில் படவில்லை என்றே சொல்கிறார்கள். எழுந்தவர் களத்தை விட்டு வெளியே போய், ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்று இரண்டு முறை வாந்தி எடுத்தார். அதைப் பார்த்தவர் ஜெனரேட்டர் ஓட்ட வந்தவர். விழாக் கமிட்டியிடம் வந்து சொன்னவரும் அவரே. இந்த நிகழ்வில் முதல் தகவல் அணியிடமிருந்தும் வரவில்லை, நடுவரிடமிருந்தும் வரவில்லை, என்னிடமிருந்தும் வரவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து, அவருடைய ஒப்புதலோடு அவரிடம் மூன்று முறையும், அணித் தலைவர், சக ஆட்டக்காரர்கள் இருவர், அவருடைய தாயார், கமிட்டி உறுப்பினர் ஒருவர் ஆகியோரிடம் தலா ஒரு முறையும் பேசினேன். அவற்றை வைத்தே இப்போது இதை எழுதுகிறேன். பெயர், ஊர், அணி, ஆண்டு ஆகியவற்றை விட்டிருக்கிறேன்.

ஸ்கேனில் தெரியாத காயம்

அன்றிரவு ஒரு மருத்துவமனையில் எடுத்த சி.டி. ஸ்கேனில் மண்டையோட்டு விரிசலோ உட்கசிவோ இல்லை. எல்லாம் நார்மல் என்று சொல்லி, வலி மாத்திரை கொடுத்து, காலையில் அனுப்பிவிட்டார்கள். அந்தச் சீட்டை நான் பார்த்தேன். கன்கஷன், அதாவது மூளையதிர்ச்சி, என்ற சொல்லும் அதில் இல்லை, எத்தனை நாள் ஆடக்கூடாது என்ற குறிப்பும் இல்லை.

மூளையதிர்ச்சியில் ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். ஸ்கேன் காட்டுவது அமைப்பை. இங்கே கெடுவது இயக்கம். சுவரில் விரிசல் இல்லாத வீட்டிலும் வோல்டேஜ் ஏறி இறங்கினால் விளக்கு மங்குவதைப் போல, மூளை குலுங்கும்போது நரம்பணுக்களின் உள்ளும் வெளியும் இருக்கவேண்டிய உப்புகள் இடம் மாறிவிடுகின்றன. அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூளைக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. அந்த நேரம் பார்த்து ரத்த ஓட்டமும் குறைந்திருக்கிறது. தலைவலி, கிறக்கம், வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமை, எரிச்சல், மறதி எல்லாம் இந்தப் பற்றாக்குறையின் வெளிப்பாடுகள். நினைவு தப்புவது கட்டாயமில்லை. விளையாட்டில் ஏற்படும் மூளையதிர்ச்சிகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் ஆள் மயங்குகிறார். தலையில் நேரடியாக அடி விழ வேண்டும் என்பதுகூட இல்லை. உடம்பில் விழும் உலுக்கல் கழுத்து வழியாகத் தலைக்குப் போனாலும் போதும். இரண்டாம் இரவில் அப்படித்தான் நேர்ந்திருக்க வேண்டும்.

முதல் அதிர்ச்சி ஆறாத நிலையில் இன்னொன்று விழுந்தால், இளவயதினருக்கு மூளை திடீரென வீங்கி உயிர் போவதும் உண்டு. அது அரிது. அரிதல்லாதது, குணமாகும் காலம் நீள்வது. அமெரிக்காவில் இளம் வீரர்களிடம் செய்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், அடிபட்ட உடனே வெளியேறியவர்கள் சராசரியாக 22 நாளிலும், தொடர்ந்து ஆடியவர்கள் சராசரியாக 44 நாளிலும் குணமடைந்திருந்தார்கள். நம் ரைடருக்கு ஆறு வாரம் ஆனது. நான்காம் நாளே பயிற்சிக்குப் போய்விட்டார். பைக்கில் போகும்போது வேகத்தடை வந்தால் தலைக்குள் கல் உருளுவது போல் இருந்தது என்றார். கோயில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டார். கடைக்குப் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றார். “எய்யா, ஒனக்கு என்னதான் செய்யுது” என்று தாயார் கேட்டதற்கு அவர் கோபப்பட்டாராம். தாயார் உச்சியில் நல்லெண்ணெய் வைத்தார், கண்ணேறு கழித்தார். மூன்றாவது வாரத்தில்தான் என்னிடம் அழைத்து வந்தார்கள்.

“கிறக்கம்தான், அடி இல்ல”

ஏன் சொல்லவில்லை என்று முதல் சந்திப்பில் கேட்டபோது அவர் சொன்னது: “எனக்கு அடி படலியே அண்ணாச்சி.” பொட்டில் முழங்கால் மோதியது நினைவிருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றார். பிறகு என்ன செய்தது என்றேன். “பொறி கலங்கிப் போச்சு. கண்ணுல பூச்சி பறந்துச்சு. எந்தப் பக்கம் நம்ம பயலுவ இருக்கானுவன்னு தெரியல. கெறக்கமா வந்துச்சு. ஆனா அடி ஒண்ணும் இல்ல.”

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். மூளையதிர்ச்சியின் பாடநூல் அறிகுறிகளில் நான்கை அவர் ஒரே மூச்சில், என்னைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட்டார். அறிகுறியை அறியாதவர் அல்லர் அவர். ஆனால் அவருடைய பேச்சில் ‘அடி’ என்பது வீங்குவது, கிழிவது, எலும்பு விலகுவது. பொறி கலங்குவதோ சற்று நேரத்தில் தெளிந்துவிடும் ஒரு நிலை. அதை யாரும் அடிக்கணக்கில் சேர்ப்பதில்லை. நம் ஊரில் பொறி கலங்க அடித்தேன் என்று அடித்தவன்தான் பெருமையாகச் சொல்வான். அடி வாங்கியவன் மருத்துவரிடம் போய்ச் சொல்ல அதில் ஏதும் இருப்பதாக எண்ணுவதில்லை.

அன்றைய சூழலும் அவருக்கு வேறு விளக்கங்களைக் கையில் கொடுத்திருந்தது. அது 65 கிலோ பிரிவு. எடை குறைக்க முந்தைய நாள் காலையிலிருந்து அவர் சோறு தின்னவில்லை. இரண்டு பனியன் போட்டு ஓடியிருந்தார். எடை பார்த்த பிறகு இரண்டு புரோட்டாவும் ஒரு கலரும்தான். தூக்கமும் இல்லை. எனவே கிறக்கம் வந்ததும், பட்டினிக் கிறக்கம் என்று எடுத்துக்கொண்டார். தலைவலி வந்ததும், விழித்திருந்ததால் என்று எடுத்துக்கொண்டார். இரவு முழுக்க நடக்கும் எடைப்பிரிவுப் போட்டியில் மூளையதிர்ச்சியின் ஒவ்வொரு அறிகுறிக்கும் நம்பத்தகுந்த இன்னொரு காரணம் தயாராக நிற்கிறது. எடை பார்த்த அன்றே ஆடவைக்கும் வழக்கத்தை மாற்றாமல் அறிகுறிகளைப் பற்றி மட்டும் பாடம் நடத்துவதில் பெரிய பயன் இருக்காது என்பது என் கருத்து.

பாதிக்கப்பட்டவர் பெரிதாக எண்ணாமல் விடுவது எங்கும் உள்ளது. பந்தைக் கையில் ஏந்தி மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், மில்வாக்கி வட்டாரத்துப் பள்ளி வீரர்கள் 1,532 பேரிடம் செய்து 2004-இல் வெளியான ஆய்வில், அந்தப் பருவத்தில் மூளையதிர்ச்சி அடைந்தவர்களில் 47.3 விழுக்காட்டினர்தான் அதைச் சொல்லியிருந்தார்கள். சொல்லாதவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ‘அது அவ்வளவு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை’ என்றார்கள். ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம் 41 விழுக்காட்டினருக்கு இருந்தது. அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். ஆட்டமே பிழைப்பு என்றாகும்போது அந்த இரண்டாவது காரணத்தின் எடை கூடுகிறது.

சொன்னால் எதை இழப்பார்

அந்த இரண்டு இரவுக்கும் அவர் விலைக்கு வந்த ஆட்டக்காரர். இரவுக்கு 2,000 ரூபாய், இறுதிக்குப் போனால் கூடுதல். அவர் அதற்காக வாயை மூடிக்கொண்டார் என்று நான் முதலில் எண்ணினேன். இரண்டாம் சந்திப்பில்தான் பணம் அவ்வளவு பெரிய காரணமில்லை என்று தெரிந்தது.

பகலில் அவர் காற்றாலைப் பராமரிப்பில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆடிக் காற்றில் இராதாபுரம், பணகுடிப் பக்கம் இயந்திரங்கள் இடைவிடாமல் சுற்றும் காலம். ஒன்று நின்றால் உடனே கோபுரத்தில் ஏறிப் பார்க்க ஆள் வேண்டும். தலையில் அடிபட்டது, கிறக்கம் வருகிறது என்ற செய்தி ஒப்பந்ததாரர் காதுக்குப் போனால் அவரை மறுபடி ஏற்றமாட்டார்கள். “ஒரு மாசத்துக்கு மட்டும் ஏத்த மாட்டாங்கன்னா பரவால்ல அண்ணாச்சி. தலயில அடிபட்ட பயன்னு பேராயிரும். பெறவு எப்பவும் கூப்பிட மாட்டாவ.” கோபுரத்தில் ஏறும் வேலையில் இருப்பவர் கிறக்கத்தை மறைப்பது எவ்வளவு ஆபத்து என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தே மறைத்தார்.

மூன்று வாரத்தில் ஓர் அரசுத் துறை அணிக்கான தேர்வும் இருந்தது. இந்தப் பக்கத்துப் பையன்களுக்குக் கபடி என்பது கோப்பையோடு நிற்பதில்லை. சான்றிதழ் சேர்த்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல்துறையிலோ ரயில்வேயிலோ மின்வாரியத்திலோ நுழைவதுதான் இலக்கு. மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்ததும் மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றதும் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிற கதை. 2014-இல் புரோ கபடி தொடங்கிய பிறகு ஆசைகள் இன்னும் உயர்ந்திருக்கின்றன. அந்தத் தேர்வை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

இந்தப் பயம் வெறும் கற்பனையா என்றால், இல்லை. 2012 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் அமெரிக்கக் கால்பந்து அணியில் முதன்மைக் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) இருந்த அலெக்ஸ் ஸ்மித், பார்வை மங்கலாக இருந்ததால் ஆட்டத்தின் நடுவே வெளியேறினார். அவருடைய இடத்தில் இறங்கிய காலின் கேப்பர்னிக் நன்றாக ஆடினார். ஸ்மித் குணமான பிறகும் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியில் கேப்பர்னிக்தான் ஆடினார். சில மாதங்களில் ஸ்மித் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். அதைப் பார்த்த மற்ற வீரர்கள் என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. கோடிகளில் ஒப்பந்தம் உள்ளவருக்கே அந்த நிலை என்றால், எழுத்தில் ஒரு ஒப்பந்தமும் இல்லாதவர் பேசாமல் இருந்ததை நான் எந்த வாயால் குறை சொல்வேன்?

களத்துக்கு எட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். ஏழு பேர் ஆட வேண்டும்; மிச்சமிருந்த ஒருவர் கார்னரில் நிற்பவர், பாடிப் போகத் தெரியாதவர். அணித் தலைவரிடம் பேசியபோது அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: “அவன் சொல்லல, நாங்களும் கேக்கல. கேட்டா என்ன சொல்லுவான்னு எங்களுக்குத் தெரியும்லா.” சக ஆட்டக்காரர் ஒருவர், முதல் இரவின் கடைசி ஆட்டத்தில் அவர் இரண்டு முறை ‘ஸ்கோர் என்ன’ என்று கேட்டதையும், சொன்ன பிறகு மறுபடி கேட்டதையும் நினைவுகூர்ந்தார். எதிரணி பக்கத்து ஊர். இந்த வட்டாரத்தில் ஊருக்கும் ஊருக்கும் இடையே, சில இடங்களில் சாதிக்கும் சாதிக்கும் இடையே உள்ள பழைய கணக்குகள் கபடிக் களத்தில் வந்து நிற்பதை மறைப்பதில் பயனில்லை. ‘அவனுக்கு முன்னால எப்படி உக்காருவேன்’ என்பது இங்கே தனிமனித வீறாப்பு மட்டுமில்லை. ஊரே பின்னால் நின்று சொல்ல வைக்கும் வார்த்தை.

கேள்வியின் குறை

இனி நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். “அடி ஒண்ணும் இல்லல்லா?” என்பது கேள்வி வடிவில் உள்ள வேண்டுகோள். ‘இல்லை என்று சொல்’ என்பதை அது உள்ளே வைத்திருக்கிறது. வயதில் மூத்த ஒருவர் அப்படிக் கேட்டால் ‘இருக்கு’ என்று மறுத்துப் பேசுவது நம் வழக்கத்தில் மரியாதைக் குறைவுபோலத் தோன்றும். அதையும் நான் அணித் தலைவர் பக்கத்தில் நிற்க, கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். அதிலும் ‘அடி’ என்ற சொல்லைப் போட்டுக் கேட்டேன். அந்தச் சொல்லுக்கு அவரிடம் ‘இல்லை’ என்பதே உண்மையான பதில். அவர் பொய் சொல்லவில்லை.

இன்னொன்றையும் நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. காலில் சுளுக்கு என்றால் கால்தான் கெட்டது. அதைப் பற்றிச் சொல்லும் மூளை நன்றாக இருக்கிறது. இங்கே சொல்ல வேண்டிய உறுப்பே அடிபட்ட உறுப்பு. 2014 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் தலையில் மோதுண்ட பிறகும் ஏறத்தாழ கால் மணி நேரம் ஆடினார். ‘இது இறுதிப் போட்டியா’ என்று அவர் நடுவரிடமே கேட்டதால்தான் நடுவருக்குச் சந்தேகம் வந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், தான் ஆடுவது எந்த ஆட்டம் என்று தெரியாத ஒருவர், தனக்கு மூளையதிர்ச்சி என்று எப்படி அறிவிப்பார்? எதிரணியின் பக்கம் போய் உட்கார்ந்தவரிடமும் அதைத்தான் நாங்கள் எதிர்பார்த்தோம்.

சொன்ன ஒருவர்

அதே போட்டியில், முதல் இரவிலேயே, கல்லூரி அணி ஒன்றின் 19 வயது ஆட்டக்காரர் சக வீரரின் தோளில் நெற்றி மோதியதும் கையைத் தூக்கி, “சார், கண்ணு ரெண்டா தெரியுது” என்று உடற்கல்வி ஆசிரியரிடம் தானாகவே சொல்லி வெளியே வந்தார். இவருக்கு மட்டும் துணிவு எங்கிருந்து வந்தது என்று அறிய அவரையும் பின்னர் பார்த்தேன். அவர் அதைத் துணிவாகவே எண்ணவில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்த ஆசிரியர், கிறக்கம் வந்தாலோ கண் இரண்டாகத் தெரிந்தாலோ கையைத் தூக்க வேண்டும் என்றும், அப்படி வெளியே வந்தவருக்கு அடுத்த போட்டியில் இடம் உண்டு என்றும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார். முந்தைய பருவத்தில் அப்படி வெளியே வந்த சீனியர் ஒருவருக்கு இடம் திரும்பக் கிடைத்ததை இவர் கண்ணால் பார்த்திருந்தார். கூடவே, இவருக்கு வீட்டுச் செலவைச் சுமக்கும் கட்டாயமும் இல்லை. இரண்டு இளைஞர்களுக்கும் மூளையதிர்ச்சி பற்றித் தெரிந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான். சொன்ன பிறகு என்ன நடக்கும் என்பதில்தான் அவர்கள் வேறு வேறு உலகத்தில் இருந்தார்கள்.

மற்ற ஆட்டங்கள் போன வழி

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். இந்தப் பாடத்தைக் கற்க நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. 2002-இல் இறந்த முன்னாள் வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையைப் பரிசோதித்த நோயியல் மருத்துவர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்ப விழுந்த அடிகளால் வந்த நாட்பட்ட மூளைச் சிதைவை அதில் கண்டு 2005-இல் வெளியிட்டார். லீக்கின் சொந்த மருத்துவக் குழு அதை மறுத்தது. ஓய்வு பெற்ற வீரர்கள் தொடுத்த வழக்கில் 2013-இல் 76.5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு எட்டப்பட்டு, பின்னர் அந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 2015 முதல், அரங்கின் மேலிருந்து பார்க்கும் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஆட்டத்தை நிறுத்தி வீரரை வெளியே எடுக்கும் அதிகாரம் கொடுத்தார்கள். வீரர் வாய் திறந்து சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஆனது.

அதிலும் ஓட்டை இருந்தது. 2022 செப்டம்பர் 25 அன்று மயாமி அணியின் டுவா டாகோவைலோவா தலை தரையில் மோதி எழுந்தபின் எல்லோர் கண்முன்னும் தள்ளாடினார். முதுகுக் காயத்தால் வந்த தள்ளாட்டம் என்று முடிவாகி, அதே ஆட்டத்தில் திரும்ப இறக்கப்பட்டார். நான்கு நாள் கழித்து நடந்த அடுத்த ஆட்டத்தில் மறுபடி விழுந்து, தூக்குப்படுக்கையில் கொண்டுபோகப்பட்டார். அதற்கடுத்த மாதம், தள்ளாட்டம் தென்பட்டால் காரணம் எதுவானாலும் அன்று திரும்ப ஆடக்கூடாது என்று விதியைத் திருத்தினார்கள். நம் களத்தில் இதற்கு இணையானது திசை தெரியாமல் உட்கார்ந்ததும் காரணமின்றிப் பாட்டு அறுந்ததும். இவை கண்ணுக்கும் காதுக்கும் தெரிபவை. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கிரிக்கெட்டில் 2019 ஆகஸ்டு முதல் மூளையதிர்ச்சிக்கு மாற்று ஆட்டக்காரர் உண்டு. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஹெல்மெட்டில் பந்து பட்ட ஜடேஜாவுக்குப் பதிலாகச் சாஹல் இறங்கி மூன்று விக்கெட் எடுத்தார். சேலத்து நடராஜனின் முதல் சர்வதேச டி20 என்பதால் அந்த ஆட்டம் நம்மவர்களுக்கு நினைவிருக்கும். ஜடேஜா உண்மையிலேயே அடிபட்டாரா, அல்லது நல்ல பந்துவீச்சாளரை நுழைக்கச் செய்த தந்திரமா என்ற பேச்சும் அன்று எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத காயத்தைச் சொல்பவர் எந்த மட்டத்திலும் சந்தேகத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது. கபடியில் களத்தில் 7 பேர், வெளியே 5 பேர் என்பது விதி. மாற்று ஆள் இறக்க இடமிருக்கிறது. கிராமத்து அணிகளுக்கு அந்த ஐந்து பேரைக் கூட்டிவர வண்டிக் காசுதான் இல்லை.

அடுத்த கொடையில்

மறு ஆண்டு அதே ஊர்க் கமிட்டியோடு இரண்டு மாலைகள் உட்கார்ந்து பேசினேன். பத்துப் பேருக்குக் குறைந்த அணியைச் சேர்ப்பதில்லை என்றும், அதற்காக நுழைவுக் கட்டணத்தைக் குறைப்பதென்றும் ஒத்துக்கொண்டார்கள். தலையடிக்காக வெளியே எடுக்கப்பட்ட ஆட்டக்காரருக்குப் பேசிய தொகையை அணி முழுதாகக் கொடுக்க வேண்டும் என்பதை எல்லா அணித் தலைவர்களிடமும் எழுதி வாங்கினோம். இதற்குத்தான் அதிக வாக்குவாதம் நடந்தது. எடை பார்ப்பதை முந்தைய நாள் மாலைக்கு மாற்றக் கேட்டேன். வெளியூர் அணிகள் தங்க இடமில்லை என்பதால் அது நடக்கவில்லை.

கபடியில் வேறு பல ஆட்டங்களில் இல்லாத ஒரு வசதி உண்டு. அவுட்டானவர் எப்படியும் வெளியே உட்கார வேண்டும். அவர் ஓரிடத்தில் நம் கண்முன்னே இருக்கிறார். தலையில் மோதுண்ட எவரும் அங்கே உட்கார்ந்ததும், அணித் தலைவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நான் பக்கத்தில் அமர்ந்து கேட்டேன். ஆஸ்திரேலியாவில் மேடக்ஸ் என்பவர் வகுத்த கேள்விகளை நம் களத்துக்கு ஏற்றபடி மாற்றியிருந்தேன். “இது எந்த ஊரு களம்? இப்பம் முதப் பாதியா ரெண்டாம் பாதியா? கடைசியா யாரு பாயிண்ட் எடுத்தா? இதுக்கு முந்தி யாரோட ஆடுனீய? செயிச்சீயளா, தோத்தீயளா?” அதோடு, “பொறி கலங்குச்சா? கெறக்கமா இருக்கா?” என்று நேராக. ஒன்று தப்பினாலும் அன்றைக்கு ஆட்டம் இல்லை. எல்லாம் சரியாகச் சொன்னாலும் சந்தேகம் இருந்தால் அவுட் இடத்திலிருந்து எழுப்பி, தனியே அழைத்துப்போனோம். முறையான களப் பரிசோதனைக்குக் குறைந்தது 10 முதல் 15 நிமிடம் வேண்டும்; உயிர்பெற்று உள்ளே போகும் அந்த மூன்று நான்கு நிமிட இடைவெளி அதற்குப் போதாது. அவ்வளவு நேரத்தில் முகம் தெளிந்துவிடும், மூளை தெளிந்திருக்காது. வர்ணனையாளரிடமும் ஒரு வேலை கொடுத்திருந்தோம்: காரணமில்லாமல் பாட்டு அறுந்தால் மைக்கில் என்னைக் கூப்பிட வேண்டும்.

இரண்டு இரவிலும் மூன்று பேரை வெளியே எடுத்தோம். இருவர் பேசாமல் வந்தார்கள். மூன்றாமவர் என் சட்டையைப் பிடித்தார்; அவருடைய அணி அந்த ஆட்டத்தில் தோற்றது; கமிட்டியில் இருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. முந்தைய போட்டியில் எங்களில் எவரும் யாரையும் நிறுத்தவில்லை என்பதை நினைத்தால், அந்தச் சண்டையை நான் பெரிதாக எண்ணவில்லை.

நம் ரைடர் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு, பிறகு நடை, மெல்லோட்டம், தனிப் பயிற்சி, பிடி இல்லாத கூட்டுப் பயிற்சி, அதன் பின் பிடியோடு பயிற்சி என்று, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு, அறிகுறி வந்தால் ஒரு படி இறங்கி, மெதுவாகத் திரும்பினார். துறைத் தேர்வுக்கு அவரால் போக முடியவில்லை. இப்போது ஆடுகிறார்.

கோபுரத்தில் ஏறக்கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொன்ன அந்த வாரங்களுக்கு அவர் விடுப்புக் கேட்க வேண்டியிருந்தது. தலையடி என்று சொல்லவில்லை. மஞ்சள் காமாலை என்றார். மஞ்சள் காமாலை என்றால் யாரும் சந்தேகப்படுவதில்லை, ஒரு மாதம் படுத்திருந்தாலும் ஏன் என்று கேட்பதில்லை, திரும்பி வந்தால் வேலை இருக்கிறது. ஒப்பந்ததாரர் நல்ல மனிதர்; வீட்டுக்கே வந்து பார்த்து, கீழாநெல்லி வேரோடு ஒரு கட்டு கொடுத்துவிட்டுப் போனார். தாயார் அதை வாங்கி அரைத்து மோரில் கலந்து மூன்று நாள் கொடுத்திருக்கிறார். இதை எழுதும் இன்று வரை அந்த ஒப்பந்ததாரருக்கு விஷயம் தெரியாது.